நெல்லிக்கனியும் ஒரு கேள்வியும்
டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வு

தகடூர் மண்ணில் இலக்கியம் பேசக் கூடும் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது, அதியமான் நெடுமான் அஞ்சி அவ்வைக்கு ஈந்த நெல்லிக்கனியே. தானுண்டு நெடுநாள் வாழ நினையாமல், தமிழ் பாடும் ஒருத்தி வாழட்டும் என்று அவன் அதைக் கொடுத்தான். நம் வட்டத்தின் கூட்டங்களில் இந்தப் பத்தாண்டுகளில் எத்தனையோ முறை இச்செய்தி பேசப்பட்டிருக்கிறது. வள்ளன்மைக்குச் சான்றாக அதைக் கொள்கிறோம். புலமைக்குக் கிடைத்த பெருமை என்றும் கொள்கிறோம். ஆயினும் அதற்குள் வேறொரு செய்தியும் உண்டு. உயிரை நீட்டிக்கும் பொருள் நாட்டில் அரிதாக இருக்கிறது. அது யாரைச் சென்றடைய வேண்டும் என்பதை ஆள்பவன் முடிவு செய்கிறான். அதியமான் நல்லவனாக இருந்தான். அவ்வை கேளாமலே கொடுத்தான். ஆள்பவர் எல்லாரும் அதியமான்கள் அல்லர். அப்போது யாரேனும் ஒருவர் எழுந்து கேட்டாக வேண்டும்.

அவ்வாறு எழுந்து கேட்ட ஒருவரைப் பற்றியே இம்மலரில் எழுத விரும்பினேன். அவர் தருமபுரியில் பிறந்தவர் அல்லர். எனினும் தாம் நிறுவிய இல்லத்துக்கு நம் மண்ணோடு பிணைந்த அவ்வையின் பெயரையே சூட்டினார். அவர் பெயரோ இன்று நம் மாவட்டத்தின் மலையூர்களில் கருவுற்ற பெண்கள் தரும் விண்ணப்பத் தாள்களில் இடம்பெற்றிருக்கிறது. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபு எனச் சமூகம் ஒதுக்கி வைத்த குடும்பத்தவர். தந்தையின் குலம் கல்வியின் வாயிலைக் காட்டிற்று. தாயின் குலம், அவ்வாயில் எத்தனை பெண்களுக்கு அடைபட்டிருக்கிறது என்பதைக் காட்டிற்று. இந்த இரண்டு அறிவும் ஒருசேர வாய்த்தமையே அவர் வாழ்வின் அடித்தளம் எனலாம்.

பருவம் எய்திய பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற காலம் அது. அவர் வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிக்குலேஷன் தேர்வில் வென்றார். மேற்கல்விக்கோ ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியை விட்டால் வேறு வழியில்லை. ஒரு பெண்ணைச் சேர்த்தால் கல்லூரியின் ஒழுங்கு கெடும் என எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் 1904-இல் அவர் அக்கல்லூரியின் மாணவி ஆனார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் சிறப்புத் தேர்ச்சியோடு பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றினார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே.

இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று மேடைகளில் அவரைப் புகழ்வதுண்டு. அது பொருந்தாது. அவர் பிறந்த 1886-ஆம் ஆண்டிலேயே வங்கத்தில் காதம்பினி கங்குலியும், அமெரிக்காவில் பயின்ற ஆனந்திபாய் ஜோஷியும் மருத்துவராகி விட்டனர். இல்லாத புகழைச் சேர்க்கும் தேவை முத்துலட்சுமிக்கு இல்லை. அவருடைய தனிச்சிறப்பு, மருத்துவமனையில் கண்ட குறையைச் சட்டசபைக்குக் கொண்டுசென்றதில் இருக்கிறது.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சாதி கடந்த அம்மணம் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிகழ்ந்தது. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் நிபந்தனைகளோடுதான் மணத்துக்கு இசைந்தார். கணவரும் அச்சொல்லைக் காத்தார். இரண்டு மைந்தர்கள் பிறந்தனர். இடையில் தங்கை ஒருத்தி புற்றுநோயால் மாண்டாள். நோய் இன்னதென்று உரிய காலத்தில் கண்டறியப்படவில்லை. உடன்பிறந்தவர் மருத்துவராக இருந்தும் காக்க முடியாமற்போன அந்தச் சாவு, அவர் உள்ளத்தில் ஆறாத புண்ணாகத் தங்கிவிட்டது.

1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்த உயர்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்தபோது இந்திய மாதர் சங்கம் அவர் முன் ஒரு வேண்டுகோளை வைத்தது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இலேயே வாக்குரிமை கிடைத்திருந்தது. சட்டசபையில் உறுப்பினராகும் உரிமை 1926-இல்தான் வந்தது. அச்சபைக்கு ஒரு பெண்ணை நியமிக்கும்படி சங்கம் அரசை வேண்டி, முத்துலட்சுமியின் பெயரை முன்மொழிந்தது. அவர் தயங்கினார். நோயாளிகளை விட்டு அரசியலுக்குப் போவதா என்பது அவருடைய தயக்கம். பின்னர் இசைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் ஆனார். 1927 ஜனவரியில் சபையின் துணைத்தலைவராக எதிர்ப்பின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்நாளைய ஆட்சிமுறையைச் சற்று விளக்குதல் தகும். அதை அறியாமல் அவர் பணியின் கடுமையை உணர இயலாது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணத்தில் இரட்டையாட்சி நடந்தது. கல்வி, மருத்துவம், பொதுச் சுகாதாரம் முதலிய துறைகள் சபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் விடப்பட்டன. நிதியும் காவலும் ஆளுநரின் நிருவாக சபையிடமே இருந்தன. நோய் தீர்க்கும் பொறுப்பு ஓரிடத்திலும் அதற்கான பணம் வேறோரிடத்திலும் இருந்தன என்றால் மிகையாகாது. மருத்துவத் துறைக்குத் தலைவர் சர்ஜன் ஜெனரல். உயர்பதவிகள் பல, படைக்கென அமைந்த ஐ.எம்.எஸ். பணியினருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. ஊர்ப்புறத்து மருந்தகங்கள் பலவற்றை ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் நடத்தி வந்தன. ஆகவே ஒரு மருந்தகத்தில் மருத்துவர் இல்லையென்றால், அது யாருடைய குறை என்று கேட்பதற்கே ஊன்றிய அறிவு வேண்டியிருந்தது.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் டாக்டர் ப. சுப்பராயன். சேலம் ஜில்லாவின் குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்தவர். அந்தச் சேலம் ஜில்லாவின் பகுதிகளாகவே தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று இருந்தன. எனவே முத்துலட்சுமி கேள்வி கேட்ட அமைச்சரவையின் தலைவர், ஒரு வகையில் நம் ஜில்லாக்காரரே. சபைத் தலைவரின் நாற்காலியில் அமரும் நாளில் துணைத்தலைவர் நடுநிலை காக்க வேண்டும். தம் கருத்தைச் சொல்ல இயலாது. உறுப்பினர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போதுதான் கேட்கலாம், வாதிடலாம், தீர்மானம் கொண்டுவரலாம். அரசு நியமித்த உறுப்பினர், அரசு விரும்பும் பேச்சைப் பேசுவார் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அவ்வெதிர்பார்ப்பை அவர் நிறைவேற்றவில்லை.

மகளிருக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்றது. அதன் பயனாக மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. கேட்டது தனி மருத்துவமனை; உடனே கிடைத்தது ஒரு பிரிவு. அதையும் பெற்றுக்கொண்டு மேலும் கேட்டார். நகராட்சிப் பள்ளிகளிலும் பிற பள்ளி, கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களை முறையாக மருத்துவச் சோதனை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். ஏழைச் சிறுமியரின் கல்விக்கு உதவி கேட்டார். சிறுமியர் மணத்துக்கு எதிராக வாதாடினார். 1929-இல் மைய சட்டசபையில் சாரதா சட்டம் நிறைவேறி, பெண்ணின் மண வயதைப் பதினான்காக்கியது. விபசார விடுதிகளை ஒழிக்கும் சட்டம் 1930-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேற அவர் உழைப்பு பெரிதும் துணை நின்றது.

இவை வெவ்வேறு கோரிக்கைகளாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் அடியில் ஓடும் கேள்வி ஒன்றே. கட்டடம் இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா? பள்ளி இருக்கிறது, அங்குள்ள பிள்ளையின் கண்ணையும் நெஞ்சையும் பார்க்க ஒருவர் வருகிறாரா? பேறுகாலம் வருகிறது, கற்றுத் தேர்ந்த மருத்துவச்சி எட்டும் தொலைவில் இருக்கிறாளா? ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி, நோயை மறைத்து மாண்ட பெண்களை எழும்பூரில் பணியாற்றிய அவர் அறிந்திருந்தார். ஆகவே பெண் மருத்துவர் இல்லாத மருத்துவமனை, அப்பெண்களைப் பொறுத்தவரை இல்லாத மருத்துவமனையே. பணியிடங்களின் எண்ணிக்கை என்னும் வறண்ட கணக்குக்குள் உயிர்கள் இருக்கின்றன என்பதே அவர் அறிந்ததும் அறிவித்ததும்.

நல்ல மருத்துவர் நோயாளியிடம் கேள்வி கேட்கும் முறையொன்று உண்டு. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கிற்று, முன்பு என்ன மருந்து உண்டீர் என்று நிரல்படக் கேட்பார். கோபப்படமாட்டார், விடை மழுப்பலாக இருந்தால் வேறு வகையில் மீண்டும் கேட்பார். அரசிடம் முத்துலட்சுமி கேட்டது அவ்வாறே. பணமில்லை என்பது பெரும்பாலும் விடையாக வரக்கூடிய ஓர் ஆட்சியமைப்பில், அவ்விடையோடு உட்கார்ந்துவிடாமல் அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். தம் சட்டசபை அனுபவங்களை 1930-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டார். பதவியைத் தம் பெருமையாக எண்ணாமல், கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பாக எண்ணியவர் செய்யும் செயல் அது.

தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் நடத்திய போராட்டமே பொதுவாக மிகுதியும் பேசப்படுகிறது. 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. கோயில் பணி என்னும் கட்டிலிருந்து மானிய நிலங்கள் விடுவிக்கப்பட்டன. பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடுக்கும் சட்டம், அவர் சபையை விட்டு நீங்கி நெடுநாள் கழித்து 1947-இல்தான் நிறைவேறியது. அச்சமூகப் பெண்கள் சிலரே அன்று அவரை எதிர்த்தனர். தங்கள் கலையும் வாழ்வுரிமையும் பறிபோகும் என அஞ்சினர். பின்வந்த ஆய்வாளர் சிலரும் அவ்வச்சத்தில் நியாயம் உண்டு என்கின்றனர். கேட்கும் உரிமை அவருக்கு இருந்ததுபோல, அவரை நோக்கிக் கேட்கும் உரிமை அப்பெண்களுக்கும் இருந்தது. இதை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டை உலுக்கியது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டசபைப் பதவியைத் துறந்தார். இந்த இடத்தில் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. மனச்சான்றின் படி நடந்தார் என்று புகழ்வது எளிது. ஆனால் அந்த இருக்கை போயிற்று என்றால் கேட்கும் உரிமையும் போயிற்று. குழந்தைகள் மருத்துவமனை பற்றி, பள்ளி மருத்துவச் சோதனை பற்றி, அமைச்சரை எழுந்து நின்று விடை சொல்ல வைக்கும் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று. எதை இழக்கிறோம் என்பதை அவர் அறியாதவர் அல்லர். நாட்டின் மானம் ஒரு பக்கம், தாம் தொடங்கிய பணி ஒரு பக்கம் என்று நின்ற அந்நாள், அவர் வாழ்வின் மிகக் கடினமான நாட்களுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு இடமில்லாதபோது செய்வதற்கு இடம் தேடினார். பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்பி வந்த சிறுமியருக்குத் தங்க இடமில்லை; விடுதிகள் ஏற்க மறுத்தன. அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்து அடையாற்றில் வேரூன்றியது. குலத்தால் அறியப்படாமல் அறிவால் அறியப்பட்ட மூதாட்டியின் பெயர், குலத்தின் பேரால் தள்ளப்பட்ட சிறுமியருக்கு நிழலாயிற்று. அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்று, வேந்தன் முன் அஞ்சாது பேசியவள் அவ்வை. அப்பெயரைத் தேர்ந்தவரும் ஆள்வோர் முன் அஞ்சாது பேசியவரே. நம் தகடூரின் கதை அடையாற்றில் தொடர்ந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

அவர் சபையை விட்டு நீங்கிய பின்னும் அவர் கேட்டவை சபையை விட்டு நீங்கவில்லை. 1937-இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் சுகாதார அமைச்சரானார். 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது; இந்திய மாகாணங்களுக்கு அது முன்னோடி. 1943-இல் அமைக்கப்பட்ட போர் குழு 1946-இல் தன் அறிக்கையைத் தந்தது. நாட்டில் ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு மருத்துவரும், 43,000 பேருக்கு ஒரு செவிலியருமே இருப்பதாக அக்குழு கணக்கிட்டது. முத்துலட்சுமி சட்டசபையில் எழுந்து நின்று ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்த பின் வந்த கணக்கு இது. ஆள் இருக்கிறாரா என்று அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தங்கையின் சாவு அவரை விடவில்லை. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்துக்கு அரசின் கதவு எளிதில் திறக்கவில்லை. 1949-இல் மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று, 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி வளர்த்தார். 1955-இல் டாக்டர் சாந்தா அங்கு வந்து சேர்ந்தார். பணித்தேர்வாணையம் அவரை எழும்பூர் மகளிர் மருத்துவமனைக்குத் தேர்ந்திருந்தது. அந்த அரசுப் பணியைத் துறந்துவிட்டுப் பன்னிரண்டு படுக்கைகளைத் தேடி வந்தார். ஆள் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கேட்டவருக்கு, ஓர் ஆள் தாமாகவே வந்து கிடைத்தார். 2021-இல் மறையும்வரை சாந்தா அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

1956-இல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22 அன்று, எண்பத்திரண்டு நிறைவதற்கு எட்டு நாட்கள் இருக்கையில் அவர் மறைந்தார்.

இனி நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டம் ஆயிற்று. பெண் சிசுக்கொலை என்னும் பழி நம்மைச் சூழ்ந்திருந்த காலத்தை மூத்தோர் அறிவர். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கும் வந்தது. 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆயினும் 2014 நவம்பரில், அக்கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்த செய்தி மாநிலத்தையே கலங்க வைத்தது. குறைந்த எடையோடு பிறந்தமை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. எடை ஏன் குறைந்தது என்று கேட்டால், தாயின் சோகையும் இளவயது மணமும் ஊரின் தொலைவும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மண வயது பற்றியும் மருத்துவமனை பற்றியும் முத்துலட்சுமி தனித்தனியே வாதாடியதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவை ஒரே வாதத்தின் இரு பகுதிகள் என்பதை அந்த நவம்பர் நமக்குக் காட்டியது.

ஏழைத் தாய்மாருக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியது. 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாயாகவும் அவ்வுதவி உயர்த்தப்பட்டது. தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அவ்வுதவியைப் பெறக் கருவுற்றதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யக் கிராம சுகாதாரச் செவிலியர் வேண்டும். சித்தேரி மலையிலும் பென்னாகரத்துக் காட்டோரத்திலும் அப்பெண் நடந்து சென்று வீட்டு வாசலில் நின்றால்தான் முத்துலட்சுமியின் பெயருக்குப் பொருள் உண்டாகிறது. அவர் இல்லாத ஊரில், தூளி கட்டித் தாயைச் சுமந்து இறங்கும் ஆண்களின் தோள்களே மருத்துவமனையாகின்றன.

நாம் கவிதை எழுதுவோர். அமைச்சரை நோக்கிக் கேட்கும் இருக்கை நமக்கு இல்லை. ஆனால் வேந்தர்முன் நின்ற புலவர் எவருக்கும் அத்தகைய இருக்கை இருந்ததில்லை. பாடிப் பரிசில் பெறுவதோடு, வேந்தன் மறந்ததை நினைவூட்டுவதும் அவர்கள் தொழிலாக இருந்தது. நெல்லிக்கனியின் இனிமையை இனியும் பாடுவோம். அதோடு அக்கனி இன்று எந்த மலையூரின் எந்த வாசல்வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்து எழுதுவோம். பத்தாண்டு நிறைந்த நம் வட்டம், அடுத்த பத்தாண்டில் அவ்வையை நினைக்கும்போதெல்லாம் அவர் பெயரை ஏந்திய இம்மருத்துவரையும் நினைக்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.